கர்த்தர் பேசினாரா, என் மனம் பேசியதா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 36. கணவர், இரண்டு பிள்ளைகள், முழுநாள் அலுவலக வேலை. காலை 5 மணிக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபிக்க உட்காருகிறேன். பத்து நிமிடம்கூட ஆகாது, மனம் எங்கெங்கோ போய்விடும். அனுப்ப மறந்த மின்னஞ்சல், மகனின் பள்ளிக் கட்டணம், கைப்பேசியில் வந்து விழுகிற செய்திகள். "ஆண்டவரே, பேசும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் என் குரல்தான் எனக்குக் கேட்கிறது. சபையில் மற்றவர்கள் "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று எவ்வளவு சுலபமாகச் சாட்சி சொல்கிறார்கள்! எனக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

போன மாதம் எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் சகோதரி, நான் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வர வேண்டும் என்று கர்த்தர் தனக்குக் காட்டியதாகச் சொன்னார். அன்று எனக்குள் ஒரு சிலிர்ப்பு. மறுநாளே பயம் வந்துவிட்டது. கணவரோ, "எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை" என்கிறார். இது தேவ சத்தமா, அந்தச் சகோதரியின் எண்ணமா, என் ஆசையா? எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் ஜெபிக்க உட்காருகிற நேரம் பார்த்துச் சின்னவள் தூக்கம் கலைந்து எழுந்து வந்துவிடுகிறாள். இது பிசாசு கொண்டுவருகிற தடையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் நூல் சிக்கியதுபோலப் பின்னிக் கிடக்கின்றன. மனம் ஏன் நிற்கவில்லை என்பது ஒன்று. வேலையை விடுவதா வேண்டாமா என்பது இன்னொன்று. மனம் மட்டும் ஒருமுறை அடங்கிவிட்டால், வேலையைப்பற்றிக் கர்த்தர் தெளிவாகச் சொல்லிவிடுவார் என்று எண்ணுகிறீர்கள் போலிருக்கிறது. எனக்கென்னவோ நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. அந்த முடிவு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருப்பதால்தான் மனம் நிற்க மறுக்கிறது. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி தினமும் காலையில் வேதத்தின் முன்னால் உட்காருகிறீர்கள். இன்றைக்காவது பதில் வருமா, இன்றைக்காவது வருமா என்று. அப்படி உட்கார்ந்தால் யாருக்கும் மனம் ஓடத்தான் செய்யும்.

முதலில் அந்தச் சாட்சிகளைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை உங்களைத் தேவையில்லாமல் புண்படுத்தியிருக்கின்றன. ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற சாட்சிக்குப் பின்னால் பல மாதக் குழப்பம் இருக்கும். சொல்லும்போது குழப்பமெல்லாம் உதிர்ந்துபோய் முடிவு மட்டும் நிற்கும். யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. திரும்பிப் பார்த்துச் சொல்லும்போது வளைந்து வந்த பாதையும் நேராகத்தான் தெரியும். எரேமியாவையே பாருங்கள். 32-ம் அதிகாரத்தில் எருசலேமைப் பாபிலோன் படை சூழ்ந்திருக்கிறது, அவரோ காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில், ஒன்றுவிட்ட சகோதரன் வந்து ஆனதோத்திலிருக்கும் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வான் என்று அவருக்கு வார்த்தை வருகிறது. எதிரி வாசலில் நிற்கும்போது யாராவது நிலம் வாங்குவார்களா? பிறகு அந்த உறவினர் உண்மையாகவே வந்து நிற்கிறார். அப்பொழுது அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்கிறார் எரேமியா. அப்பொழுதுதான்! எத்தனையோ வருடம் தீர்க்கதரிசனம் உரைத்தவருக்கே, வந்தது எது என்று உறுதிப்பட கொஞ்ச காலம் பிடித்திருக்கிறது. உங்களுக்கு ஒரு மாதத்தில் விளங்கவில்லை என்றால் அது ஆவிக்குரிய குறைபாடு இல்லை.

சாமுவேல் கதையையும் நாம் அவசரமாகப் படித்துவிடுகிறோம். அந்தப் பையன் தேவனுடைய பெட்டி இருந்த இடத்திலேயே படுத்திருந்தான். அதற்கு மேல் பக்கத்தில் எப்படிப் போவது? அப்படியும் மூன்று முறை தவறாகவே புரிந்துகொண்டான். கர்த்தரின் குரலை ஆசாரியனான ஏலியின் குரல் என்று நினைத்தான். உங்கள் பயம் இதற்குத் தலைகீழ்: ஒரு மனுஷியின் குரலைக் கர்த்தரின் குரல் என்று நினைத்துவிடுவோமோ என்று. இரண்டு தவறும் நடக்கக்கூடியவைதான். ஆனால் அந்த இரவில் ஒருவரும் சாமுவேலைத் திட்டவில்லை, கர்த்தரும் திட்டவில்லை. நான்காவது முறையும் வந்து கூப்பிட்டார். இதை நான் மிகவும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியதை ஒரே தடவை முணுமுணுத்துவிட்டு, "நீ கவனிக்கவில்லை, போ" என்று போய்விடுகிறவர் இல்லை அவர்.

சரி, கவனச் சிதறலுக்கு வருவோம். கைப்பேசியைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதை வேறு அறையில் வையுங்கள். வேதத்தைக் கைப்பேசியில் வாசிக்கிறவராக இருந்தால் காலையில் மட்டும் அச்சுப் புத்தகத்துக்கு மாறுங்கள். மறந்த மின்னஞ்சல் ஞாபகம் வந்தால் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லில் எழுதிவிட்டு ஜெபத்தைத் தொடருங்கள். எழுதி வைத்ததை மனம் விட்டுவிடும். எழுதாததைத்தான் மறந்துவிடுவோமோ என்று திரும்பத் திரும்பக் கொண்டுவந்து காட்டும். பள்ளிக் கட்டணம் கவலையாக இருந்தால் அது சிதறலே இல்லை, அதுதான் ஜெபம். அதையே அவரிடம் சொல்லுங்கள். பரிசுத்தமான விஷயங்களை மட்டும்தான் அவரிடம் பேச வேண்டும் என்று நினைத்து, நெஞ்சில் இருப்பதை ஓரமாகத் தள்ளிவிட்டு, இல்லாததைப் பேசப் பார்க்கிறோம். அப்புறம் மனம் ஓடுகிறது என்கிறோம். மனம் ஓடவில்லை, இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நாம்தான் வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இரவு எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறீர்கள்? முழுநாள் வேலை, இரண்டு பிள்ளைகள், நடுவில் எழுந்து வரும் சின்னவள். ஐந்து மணிக்கு நீங்கள் அனுபவிப்பது ஆவிக்குரிய வறட்சியா, வெறும் தூக்கக் குறைவா? எலியாவின் கதையில் "அமர்ந்த மெல்லிய சத்தம்" எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 1 இராஜாக்கள் 19-ல் அதற்கு முன்னால் நடந்ததைப் பலர் தாண்டிவிடுவார்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய மனிதர் சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாகிறேன் என்கிறார். தூதன் வருகிறான். வந்து பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாம் முறையும் அதே: எழுந்து சாப்பிடு, பயணம் தூரம். தூங்கி, சாப்பிட்டு, நாற்பது நாள் நடந்த பிறகுதான் ஓரேப் குகையும் அந்த மெல்லிய சத்தமும். களைத்துக் கிடந்தவரிடம் கர்த்தர் முக்கியமான விஷயம் எதையும் பேசவில்லை. அதிகாலை ஜெபம் நல்ல பழக்கம், ஆனால் ஐந்து மணி என்பது கட்டளை இல்லை. மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடம் உங்களுக்கு நன்றாக வாய்க்குமானால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குகையில் இன்னொன்றும் உண்டு. கர்த்தர் எலியாவிடம் கேட்டது ஒரு கேள்வி: "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் வந்து போன பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்கிறார். எலியாவும் முன்பு சொன்ன அதே புலம்பலையே திரும்பச் சொல்கிறார். அவ்வளவு பெரிய அனுபவமும் அவருடைய பதிலை மாற்றவில்லை. நாம் விடைக்காகக் காத்திருக்கும்போது அவர் கேள்வியோடு வரலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்களிடமும் ஏதாவது கேட்கிறாரா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். இந்த வேலையில் எது உன்னைக் களைக்க வைக்கிறது? எதிலிருந்து தப்பிக்க ஊழியம் வழியாகத் தெரிகிறது? இப்படி ஏதாவது.

எந்தப் பதில் வந்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்றும் யோசியுங்கள். எருசலேம் விழுந்த பிறகு மீந்திருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்தார்கள். எங்களுக்காக ஜெபம் செய்யும், கர்த்தர் சொல்வது நன்மையோ தீமையோ அப்படியே செய்வோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து வார்த்தை வந்தது: எகிப்துக்குப் போகாதீர்கள், இங்கேயே இருங்கள். உடனே, நீர் பொய் சொல்கிறீர் என்று எரேமியாவையே மறுத்துவிட்டார்கள். 41-ம் அதிகாரத்தின் கடைசியைப் பாருங்கள். ஜெபம் கேட்டு வருவதற்கு முன்பே அவர்கள் எகிப்துக்குப் போகப் புறப்பட்டு, பெத்லெகேமுக்குப் பக்கத்தில் வந்து தங்கியிருந்தார்கள். மூட்டை கட்டிவிட்டு வந்து சித்தம் கேட்டவர்கள். நம்முடைய காதை அடைப்பது பெரும்பாலும் வெளிச் சத்தமில்லை, இந்த மூட்டைதான். நான் ஆலோசனைக்கு உட்காரும்போது வருகிறவரிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்: "வேண்டாம்" என்று அவர் சொன்னால் தாங்குவீர்களா? "வேண்டும்" என்று சொன்னால் தாங்குவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிகிற வரை முடிவைத் தொடாமலிருப்பது நல்லது.

தேவ சத்தத்தைச் சோதிக்க நம் சபைகளில் வழக்கமாகச் சொல்கிற அடையாளங்கள் சில உண்டு. மனதில் சமாதானம் இருக்கிறதா, கதவு திறக்கிறதா, இன்னொருவர் வாயால் உறுதிப்படுகிறதா. கெட்ட கேள்விகள் இல்லை. ஆனால் இவற்றை மட்டும் நம்பி நடந்தால் கவிழ்ந்துவிடுவோம். யோனாவுக்கு நல்ல சமாதானம் இருந்தது. கர்த்தருக்கு முதுகைக் காட்டி ஓடும் கப்பலில், புயலுக்கு நடுவில், அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். கதவும் திறந்திருந்தது: யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது, கையில் கூலியும் இருந்தது. மறுபக்கம் கெத்செமனே. பிதாவின் சித்தத்துக்குள் முழுவதுமாக நின்றவர் வியாகுலப்பட்டார், அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுந்தது. சமாதானம் என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் யோனா தேறிவிடுவான், ஆண்டவர் தோற்றுவிடுவார். என்கேதி குகையில் தாவீதின் ஆட்கள் சொன்னதும் இதே வகைதான். தேடிக் கொல்ல வந்த சவுல் ராஜா தானாகவே வந்து கையில் விழுந்திருக்கிறான், கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்றார்கள். சந்தர்ப்பம், நண்பர்களின் ஒருமித்த குரல், கர்த்தரின் வாக்குத்தத்தம் மூன்றும் ஒரே பக்கம் நின்றன. தாவீது கேட்கவில்லை. அபிஷேகம் பண்ணப்பட்டவர்மேல் கை போடக்கூடாது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த நொடியில் புதிதாக ஒரு சத்தமும் வரவில்லை. தெரிந்ததையே பிடித்துக்கொண்டு நின்றான்.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைக்கிற பழக்கத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அதற்கு ஆதரவாக, பழைய காலத்துத் திருச்சபைப் பெரியவரான அகுஸ்தீனைச் சொல்வார்கள். 386-ல் மிலான் நகரத் தோட்டத்தில், "எடுத்து வாசி" என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டு, பவுலின் நிருபத்தைத் திறந்தார், ரோமர் 13-ன் கடைசி வசனங்கள் கண்ணில் பட்டன. உண்மைதான். ஆனால் அந்த வசனங்கள் அவருக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. இச்சையை விட்டுவிட வேண்டும் என்பது அவருக்குப் பல வருடமாகத் தெரியும், நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தார். எந்த ஊரில் வேலை, எந்தத் தேதியில் ராஜினாமா என்றெல்லாம் கேட்டு அவர் வேதத்தைத் திறக்கவில்லை.

அப்படியானால் எதை வைத்துத்தான் பார்ப்பது? எனக்கு அதிகம் உதவியது, இயேசு சபையைத் தோற்றுவித்த லொயோலா இஞ்ஞாசியாரின் அனுபவம். அவர் கத்தோலிக்கர், நமக்கு எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தத் தயக்கமில்லை. 1521-ல் ஸ்பெயினின் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் நொறுங்கியது. மாதக்கணக்கில் படுக்கை. பொழுதுபோக்க வீரர்களின் சாகசக் கதைகள் கேட்டார், அந்த வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் பரிசுத்தவான்களின் வரலாறும்தான். படுத்தபடியே இரண்டு விதமாகக் கனவு காண்பார். ஒரு சீமாட்டியின் மனதைக் கவரப் பெரிய வீரச்செயல்கள் செய்வதாக மணிக்கணக்கில் ஒரு கனவு. பரிசுத்தவான்களைப்போல ஏழ்மையில் ஆண்டவரைப் பின்பற்றுவதாக இன்னொரு கனவு. இரண்டும் காணும்போது இனித்தன. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது. முதல் கனவு கலைந்தபின் மனம் காய்ந்து சலித்துக் கிடந்தது. இரண்டாவது கலைந்தபின்னும் சந்தோஷம் தங்கியிருந்தது. ஒரு நாள் அந்த வித்தியாசம் அவருக்கு உறைத்தது. பிறகு வாழ்நாளெல்லாம் அவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பகுத்தறிதலுக்கு அதுதான் தொடக்கம். வரும்போது எப்படி இருந்தது என்பதைவிட, போனபின் என்ன மிஞ்சியது என்பது முக்கியம்.

அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் உங்களுக்கு நேராகப் பொருந்தும். வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்றார். ஆகவே பயம் பிடித்த நாளில் உட்கார்ந்து, இது கர்த்தரால் வந்ததே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இரண்டாவது இன்னும் நுட்பமானது. தேவனே ஒருவரைத் தொட்டு ஆறுதல்படுத்தியிருந்தாலும், அந்தக் கணம் வேறு, அது தணிந்தபின் அந்த வெப்பத்திலேயே மனம் போடுகிற திட்டங்கள் வேறு என்றார். முதலாவது அவருடையது. இரண்டாவதில் நம்முடைய சரக்கும் கலந்திருக்கும், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அன்று உங்களுக்கு வந்த சிலிர்ப்பு கர்த்தரால் உண்டானதாகவே இருக்கட்டும். அவர் உங்களை நினைத்திருக்கிறார், உங்கள் வாழ்க்கை அவருக்கு முக்கியம் என்ற உணர்வாக அது இருந்திருக்கலாம். "ஆகவே வேலையை விடு" என்ற வரி அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததா, பிறகு யாராவது ஒட்டவைத்ததா?

இதையே அந்தச் சகோதரியிடமும் கேளுங்கள், மரியாதையாக, சண்டைக்காக இல்லாமல். அக்கா, நீங்கள் கண்டது என்ன, அதிலிருந்து புரிந்துகொண்டது என்ன என்று. இரண்டும் ஒன்றில்லை. அப்போஸ்தலர் 21-ல் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இதை உடையவனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். "ஆகவே போகாதேயும்" என்று அழுது கெஞ்சியவர்கள் சுற்றி நின்றவர்கள். அன்பினால்தான் கெஞ்சினார்கள். பவுல் போனார். சொன்னதும் நடந்தது, போனதும் சரியாக இருந்தது. தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியவரும் அவர்தான், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொன்னவரும் அவர்தான். சோதிப்பதால் அந்தச் சகோதரியை அவமதித்துவிட மாட்டீர்கள். சோதிக்கவே கூடாது என்று அவர் சொன்னால் அப்போது கவலைப்படுங்கள். 1 இராஜாக்கள் 13-ல் ஒரு கிழவனான தீர்க்கதரிசி, "தூதன் எனக்குச் சொன்னான்" என்று பொய் சொல்லி, யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனைத் திருப்பி அழைத்துப்போனான். கர்த்தர் தனக்கு நேரடியாகச் சொன்னதை விட்டுவிட்டு, இன்னொருவருக்குத் தூதன் சொன்னதாகக் கேட்டதை நம்பியவர் வழியில் சிங்கத்தால் செத்தார்.

நானும் இதில் தவறியிருக்கிறேன். இளம் போதகனாக இருந்தபோது, ஜெபிக்க வந்த ஒரு வாலிபனின் தலைமேல் கை வைத்து, "கர்த்தர் உன்னை ஊழியத்துக்கு அழைக்கிறார்" என்று அடித்துச் சொன்னேன். அவனுடைய ஆர்வம் எனக்குப் பிடித்திருந்தது, எங்கள் சபைக்கு ஆளும் தேவைப்பட்டது. அதையெல்லாம் அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். இரண்டு வருடம் திணறிவிட்டுத் திரும்பிப் போனான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அதன்பிறகு "கர்த்தர் சொல்கிறார்" என்று சொல்லும் இடத்தில் "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்கள் ஜெபித்துப் பாருங்கள்" என்று சொல்லப் பழகினேன். உங்கள் ஜெபக்குழுவுக்கு உண்மையாகவே ஆள் தேவையாக இருக்கலாம். ஆனால் தேவை வேறு, அழைப்பு வேறு. மாற்கு முதல் அதிகாரத்தில் ஆண்டவர் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோன் தேடிவந்து, உம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்றான். முந்தின சாயங்காலம் வாசலில் கூடிய கூட்டம் அது, தேவைக்கு ஒரு குறைவும் இல்லை. அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்றார்.

உங்கள் கணவர் "வேண்டாம்" என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? தனக்குத் தோன்றவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வதுதான் தேவ சித்தம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். துரோவாவில் மக்கெதோனியா மனிதனைத் தரிசனத்தில் கண்டது பவுல் ஒருவர்தான். அது கர்த்தரின் அழைப்பு என்று "நாங்கள்" நிச்சயித்துக்கொண்டோம் என்று பன்மையில் எழுதுகிறார் லூக்கா. கண்டது ஒருவர், நிச்சயித்தது எல்லாருமாக. ஒரு வீட்டின் வருமானத்தையும் பிள்ளைகளின் நாட்களையும் மாற்றப்போகிற முடிவுக்கு அந்த "நாங்கள்" வேண்டும். அவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து, உங்களுக்கு இதில் எது பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாதீர்கள்.

போகிற போக்கில் ஒன்று. "முழுநேர ஊழியம்" என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் இடறலாக இருக்கிறது. மற்றதெல்லாம் அரைநேரம் போல. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார். இப்போதைய அலுவலகத்தில் உங்களிடம் வந்து மனம் திறக்கிறவர்கள் யாராவது உண்டா? இருந்தால் அவர்களையும் கணக்கில் சேருங்கள்.

செய்வதற்கு என்ன? இரண்டு மாதம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்தச் சகோதரியிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். கர்த்தருடைய அழைப்பு இரண்டு மாதத்தில் ஊசிப்போகாது. தினமும் இரவு ஒரு நோட்டில் இரண்டே வரி எழுதுங்கள்: இன்று ஊழிய எண்ணம் எப்போது வந்தது, போனபின் என்ன மிஞ்சியது. அலுவலகத்தில் மேலதிகாரியோடு உரசல் வந்த நாட்களில் மட்டும் அது பலமாக வருகிறதென்றால் நோட்டே சொல்லிவிடும். நல்ல நாளிலும், களைப்பில்லாத நாளிலும், யாரும் தூண்டாமலேயே வந்து, போனபின் உங்களை வீட்டிலுள்ளவர்களிடம் இன்னும் கனிவாக்கிவிட்டுப் போகிறதென்றால் அதுவும் தெரிந்துவிடும். காலை நேரத்தில் இந்த விஷயத்தைக் கேட்காதீர்கள். ஆம், வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மாற்கு சுவிசேஷத்தை ஒரு நாளைக்கு ஒரு சம்பவமாக, ஆண்டவர் எப்படிப் பேசுகிறார், எதற்குக் கோபப்படுகிறார், யாருக்காக நிற்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாசியுங்கள். இருபது பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்தில் ஒரு குழந்தை அழுதால், அது சின்னவளா இல்லையா என்று திரும்பிப் பார்க்காமலே உங்களுக்குத் தெரியும். யாரும் அதை உங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. எத்தனையோ இரவுகள் அவளோடு விழித்திருந்ததில் வந்தது. என் ஆடுகள் என் சத்தத்துக்குச் செவிகொடுக்கும் என்று அவர் சொன்னதும் இந்த வகைப் பழக்கம்தான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. காதில் வெளியிலிருந்து கேட்பதுபோல் குரல்கள் கேட்டு, அவை தூங்கவிடாமல் துரத்தினாலோ, தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யச் சொன்னாலோ, அது வேறு விஷயம். ஜெபத்தோடு கூடத் தாமதமில்லாமல் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

கடைசியாக, சின்னவள். இல்லை, அவள் பிசாசு அனுப்பிய தடை இல்லை. ஏலியை நினைத்துப் பாருங்கள். வயதானவர், கண் மங்கியவர், படுத்திருக்கிறார். ஒரு பிள்ளை ஓடிவந்து, "இதோ, இருக்கிறேன்" என்கிறது. கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார். மறுபடி வருகிறது. மறுபடி போய்ப் படு. மூன்றாம் முறையும் வந்து நின்றபோதுதான், பிள்ளையைக் கர்த்தர் கூப்பிடுகிறார் என்பது அவருக்கு விளங்கியது. அடுத்த தடவை அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றால், மடியில் உட்கார வைத்துக்கொண்டு, நிறுத்திய வசனத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். பாதியில் தூங்கிவிடுவாள். நீங்களும் தூங்கிவிட்டால் பரவாயில்லை.

உங்கள் கணவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து நோட்டில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.